கூலாய்ப் பேச்சு

என் தங்கை ரூபினியிடம் எல்லாம் இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் இல்லை என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். கூலாய்ப் பக்கத்துப் பெண் மாதிரிப் பேச ரூபினிக்கு வரவில்லையாம். ரூபினி பிறந்ததும் வளர்ந்ததும் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்தில், அதே கூலாயில்தான். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. எனக்கு எதுவுமே அந்த வரிசையில்தான் வரும்.

பேசியவள் பெயர் சிந்துஜா. கோலாலம்பூரில் ஒரு படக் கம்பெனிக்கு நடிகர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. அவர்கள் எடுக்கப்போகும் படத்தின் கதாநாயகி தனலெட்சுமி என்ற பெண். ஜோகூரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவள், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறவள். படம் முழுக்க அவள்தான் வருகிறாள், அவள்தான் பேசுகிறாள். அந்த வேஷத்துக்காக ரூபினி வீட்டிலேயே ஒரு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். ஹாலில் நீல பெட்ஷீட்டைக் கட்டி, வட்ட விளக்கை முகத்துக்கு நேரே வைத்து, பெயர், வயது, உயரம் எல்லாம் சொல்லி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிக் காட்டி, அப்புறம் வசனம். கேமராவுக்குப் பின்னால் நின்று படத்தில் வரும் சூப்பர்வைசரின் வசனத்தை வாசித்தது நான். செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற எனக்கு அதற்கு மேல் நடிப்பு வராது.

"முகம் சரியா இருக்கு, ரூபினி. கண்ணு நல்லா பேசுது, டைரக்டருக்கு ரொம்ப புடிச்சிருக்கு" என்றாள் சிந்துஜா. "பேச்சுதான் இடிக்குது. சென்னைலேர்ந்து வந்த பொண்ணு மலேசியாக்காரி மாதிரி மிமிக்ரி பண்றாப்ல இருக்கு. எங்க லா போடணும்னு யோசிச்சி போடுறீங்க. சனிக்கிழமை ஜோகூர் பாருல நேர்ல பாக்குறோம். அதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க."

ரூபினி, "கண்டிப்பா பண்ணிடறேன் மேடம்" என்றாள். அந்த "பண்ணிடறேன்"லேயே சென்னை இருந்தது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இந்தச் சென்னைப் பேச்சு அவள் தானாகத் தேடிக்கொண்டது அல்ல. கோலாலம்பூரில் பிரேமகுமார் என்று ஒரு நடிப்பு மாஸ்டரிடம் அவள் சில வருடங்கள் பயிற்சி எடுத்தாள். மனிதர் யாழ்ப்பாண வம்சம், பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ், வாயில் வருவது மயிலாப்பூர். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு பக்கம் பக்கமாக வாசிக்க வைப்பார். எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டிக்கொள்ளும் அந்த லா நடுவில் எங்காவது விழுந்துவிட்டால் மொத்த வசனத்தையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊர் சீரியலிலேயே நர்ஸாக வருகிறவள் சென்னைக்காரி மாதிரிப் பேசினால்தான் நர்ஸ் என்று நம்புவார்கள். அந்தப் பேச்சால்தான் ரூபினிக்கு ஒரு நர்ஸ் வேஷம், ஒரு பேங்க் ஆபீசர் வேஷம், ஒரு சவர்க்காரத் தூள் விளம்பரம் எல்லாம் கிடைத்தன. விளம்பரம் டிவியில் வந்த அன்று அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

ஆனால் கதாநாயகி வேஷம் ஒருமுறைகூட வரவில்லை. கணக்கு கிளார்க் வேலையை விட்டுவிட்டு ஆடிஷன் ஆடிஷனாக அலைந்ததில் அவளுக்கு அலுத்துவிட்டது. கோலாலம்பூரை விட்டு வீட்டுக்கு வந்த அன்றே என்னிடம் சொன்னாள்.

"ண்ணே, இந்தப் படம் கிடைக்கலன்னா நான் நடிப்பையே விட்டுடறேன். சிங்கப்பூர்ல கணக்கு வேலைக்கே போயிடறேன். இதுதான் கடைசி."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் கிண்டல் பண்ணியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், அதனால் நம்பினேன். அவளுக்கு இந்த வேஷம் கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கு அவளைவிட நான்தான் அதிகமாக ஆசைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

வேலை தெரிந்தவள்தான் அவள். காலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி, உதட்டைப் புர்ரென்று அடித்துக் குரலைச் சூடு பண்ணுவது, அப்புறம் வசனத்தாளில் தனலெட்சுமிக்கு ஒவ்வொரு இடத்திலும் என்ன வேண்டும், யாரிடம் வேண்டும் என்று பென்சிலால் குறிப்பது. எல்லாம் முறையாகச் செய்தாள். அப்புறம் வாயைத் திறப்பாள். உடனே அந்தச் சவர்க்காரத் தூள் விளம்பரக்காரி வந்து நிற்பாள். லா போட்டால் அது வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருக்கும்.

இரண்டாவது நாள் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்தது. ஹாலில் தாளும் கையுமாக இருந்தவள் எழுந்து பின்பக்கம் ஓடினாள்.

"மா, மழ வந்துருச்சி லா. துணியெல்லாம் நனையுது, நீ என்னா அங்க கொசு அடிச்சிக்கிட்டு இருக்க, பக்கெட்ட தூக்கிட்டு வா மா. ஐயோ, என் சட்ட லோங்காங்குல விழுந்துருச்சி."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "இதுதான் லா ரூபினி. இப்ப பேசுனியே, இதேதான் அவங்களுக்கு வேணும்" என்று கத்தினேன். அவள் சாக்கடையிலிருந்து எடுத்த சட்டையையும் நனைந்த துணியையும் மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"மழ வந்துருச்சி லான்னு சொன்ன."

திருப்பிச் சொன்னாள். செய்தி வாசிக்கிறவள் சொன்ன மாதிரி இருந்தது. மறுபடியும் சொன்னாள். சொற்கள் எல்லாம் சரி, லா விழுந்த இடமும் சரி, ஆனாலும் அளவு பொருந்தாத நட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு நின்றது. அம்மா பக்கெட்டோடு மழையில் நின்றபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். துணி முழுக்க நனைந்து போயிற்று.

நினைக்காதபோது வருகிறது, நினைத்தால் போய்விடுகிறது. தூக்கத்தை இப்படித்தான் நான் நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்துத் தேடுவேன், அதுவும் வராது. மெஷின் என்றால் கழற்றிப் பார்க்கலாம். இதில் எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது?

மறுநாள் ரூபினி வழியை மாற்றினாள். ஒரு வேஷத்துக்குப் பேச்சு வரவில்லை என்றால் அப்படிப் பேசுகிற ஒருவரைப் பிடித்துக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும், அதுதான் தொழில் முறையாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆன பிறகு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, இன்றும் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிற எங்கள் அம்மா அங்கம்மாவை விட அதற்குப் பொருத்தமான ஆள் ஜோகூரிலேயே கிடையாது. வேலை முடிந்து வந்த அம்மாவை அடுப்படியில் உட்கார வைத்து, முன்னால் போனை நிறுத்தி, "சும்மா எப்பவும் போல பேசும்மா" என்றாள் ரூபினி.

அம்மா ஒரு நிமிஷம் இரு என்று உள்ளே போனாள். தலையை வாரி, நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு, பொட்டைச் சரி பண்ணிக்கொண்டு வந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்து, "வணக்கம். என் பெயர் அங்கம்மா. நாங்கள் தினமும் அதிகாலையில் எழுந்து, தேநீர் அருந்திவிட்டுப் பணிக்குச் செல்வோம்" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் குடித்த மைலோ மூக்கு வழியாக வந்துவிட்டது.

"சிரிக்காத டா" என்று அம்மா எரிந்து விழுந்தாள். "பெரிய எடத்துல போட்டு காட்டுவாங்க. நம்ம பேசுற பேச்ச கேட்டா புள்ளைக்கி அசிங்கம் லா. மலாய் பாதி, இங்கிலீஷ் பாதி, இதெல்லாம் ஒரு பேச்சா."

போனை மறைத்தால் அம்மா இப்படிப் பேசுவாள், போனை நீட்டினால் பணிக்குச் செல்வாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான். கோயில் திருவிழாவில் மைக்கைக் கையில் கொடுத்துப் பாருங்கள், லாரி ஓட்டுகிறவன்கூட "பக்த கோடிகளே" என்றுதான் ஆரம்பிப்பான். எங்கள் பேச்சு வீட்டில் கட்டிக்கொள்ளும் கைலி மாதிரி, வெளியாள் வந்தால் உள்ளே ஓடி மாற்றிக்கொண்டு வருவோம். இதோ, பேனாவை எடுத்தவுடன் நானும் மாற்றிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறேன்.

ரூபினி சிரிக்கவில்லை. அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் வந்தாள். "ண்ணே, உன் போன அடுப்புக்கிட்ட மறைச்சு வச்சிட்டு அம்மாகிட்ட பேச்சு குடு. உங்கிட்டன்னா சரளமா பேசுவாங்க."

"திருட்டுத்தனமாவா? போ லா, நான் மாட்டேன்."

"ப்ளீஸ் ண்ணே. எனக்கு வேற வழி தெரியல."

அவள் முகத்தைப் பார்த்தபின் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமையல் நேரங்களில் நான் போய் உட்கார்ந்து அம்மாவின் வாயைக் கிளறினேன். பக்கத்து வீட்டுக் கமலநாதனின் பெயரை எடுத்தாலே போதும்.

"அவன் லோங்காங்க அடச்சி வச்சிருக்கான், தண்ணியெல்லாம் நம்ம பக்கம் வருது. சொன்னா, நாளைக்கி பாக்குறேன் அங்கம்மான்னு சொல்றான். அவனுக்கு எப்ப லா நாளைக்கி வரும்? முன்சிபல்ல கம்ப்ளேன் பண்ண போறேன்னு சொன்னேன். அலமாக், அவன் பொண்டாட்டி மூஞ்சிய நீ பாக்கணுமே, உப்பு போடாத கஞ்சி கணக்கா."

ரூபினி அந்தப் பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். சாப்பிடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். அம்மா எங்கே மூச்சு விடுகிறாள், எங்கே குரல் ஏறுகிறது, எங்கே பாதிச் சொல்லை விழுங்குகிறாள் என்று தன் வசனத்தாளில் கோடு போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாக எது அம்மா, எது அவள் என்று எனக்கே குழம்ப ஆரம்பித்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் காதில் மாட்டுவதில் சார்ஜ் தீர்ந்துவிட்டதோ என்னவோ, ரூபினி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனாள். நான் ஹாலில் இருந்தேன். மூடிய கதவுக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவனுக்கு எப்ப லா நாளைக்கி வரும்?" உடனே ரூபினியின் குரல், அதே மாதிரி. மறுபடி அம்மா. மறுபடி ரூபினி. ஒரு இடத்தில் ரூபினி தப்பாகச் சொல்லிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தாள். அம்மா கோப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அம்மா கோப்பையைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பின்னாலேயே போனேன். "மா, அது கிண்டல் இல்ல. பிராக்டிஸ் பண்றா, படத்துக்கு."

"தெரியும் டா."

கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நான் அப்படியா டா பேசுறேன்?"

"நல்லாத்தானே மா இருக்கு."

அவள் கீரைக் காம்பை ஒடித்துப் போட்டாள். அப்புறம் நான் எவ்வளவோ கமலநாதனை இழுத்துப் பார்த்தேன். "ம்" என்றாள், "சரி" என்றாள். அவ்வளவுதான். ரூபினியிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சனிக்கிழமைக்கு முன்னால் அவள் மனதைக் கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நான்தான் அவளை ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப் போனேன். ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரியை முந்தினபோது, "ண்ணே, லோரிக்குள்ள பூந்துருவ போலருக்கு, மெதுவா போ லா, நான் நடிச்சிட்டு சாவுறேன்" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. சொன்னால் நின்றுவிடும் என்று எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

கடைவரிசைக்கு மேல் மாடியில் ஏதோ சங்கத்தின் மண்டபம். கோலாலம்பூரிலிருந்து வந்த பெண்கள் சிலர் பாத்திக் கைலியும் எண்ணெய் வழித்த தலையுமாகத் தோட்டத்துப் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அம்மா தோட்டத்தில் இருந்தபோதுகூட வெளியே கிளம்பும்போது அப்படிக் கிளம்பியதில்லை. ரூபினி சாதாரண ஃபேக்டரிச் சட்டைதான் போட்டிருந்தாள். ஒரு மூலையில் நின்று கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ கேலி பேசப் போனேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனாள்.

உள்ளே வெளியே என்பதெல்லாம் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது. ரூபினி பேச ஆரம்பித்தாள். அம்மாவே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அம்மா கோபத்தில் மூக்கை உறிஞ்சுகிற உறிஞ்சல்கூட வந்தது. கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

முடித்ததும் டைரக்டர் பேசினார். மென்மையான குரல் அவருக்கு.

"நல்லா பண்ணீங்க. ஆனா தனலெட்சுமி சின்ன பொண்ணு. நீங்க பேசுறது அறுபது வயசு அம்மா பேசுற மாதிரி இருக்கு. யாரப் பாத்து புடிச்சீங்க?"

"எங்கம்மாவ, சார்."

"அவங்க வேஷம் இருந்தா உங்களுக்கே குடுத்துருவேன். சரி, பேப்பர கீழ வச்சிருங்க. நடிக்க வேணாம். காலையில இங்க எப்படி வந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க. வீட்டுல சொல்வீங்கல்ல, அந்த மாதிரி."

நான் எழுந்து தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். லோரி என்று சொல், லோரிக்குள்ள பூந்துருவ போலருக்குன்னு சொல் என்று மனதுக்குள் கத்தினேன்.

"காலைல... நாங்க கூலாய்லேர்ந்து கிளம்பினோம். எங்கண்ணாதான் கார் ஓட்டிட்டு வந்தாரு" என்றாள் ரூபினி. நிறுத்தினாள். "சாரி சார். மறுபடியும் சொல்றேன்." மறுபடியும் சொன்னாள். "காடில வந்தோம் லா." காரை எங்கள் ஊர்ப்படி காடி என்று சொல்லியும், ஐயோ, அது எவ்வளவு கேவலமாக இருந்தது. மறுபடியும் நிறுத்தினாள். எங்கண்ணா. ஓட்டிட்டு வந்தாரு. பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை, இன்றைக்குத்தானா கிடைக்க வேண்டும்? மூன்றாவது தடவை அவள் ஆரம்பிக்கவே இல்லை. பரவால்ல, பரவால்ல என்று டைரக்டர் சொல்வது கேட்டது. அவர் அப்படி அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சிந்துஜா கையில் தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தாள். நான் அவளை மடக்கினேன்.

"இங்க பாருங்க, அவ வீட்டுல நல்லாத்தான் பேசுவா. காலையில காடியில வரப்பகூட அப்படித்தான் லா பேசுனா, நானே கேட்டேன். ஆளப் பாத்தா வர மாட்டேங்குது, அவ்வளவுதான். இன்னொரு சான்ஸ் குடுங்க."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நீங்க இப்ப பேசுறீங்களே, இதுதான் எங்களுக்கு வேணும். இத அவங்களுக்கு சொல்லி குடுத்துருக்கலாமே."

இதில் சொல்லிக் கொடுக்க என்ன இருக்கிறது? அவள் பேசக் கற்றுக்கொண்டதே என்னோடு சண்டை போட்டுத்தான். ரூபினி வெளியே வந்து, "போலாம் ண்ணே" என்றாள்.

அடுத்த வாரம் தகவல் வந்தது. வேஷம் ஜோகூரிலேயே சாஆ என்ற சின்ன ஊரில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது. ஹார்ட்வேர் கடையில் வேலை பார்க்கிறவள், நடிப்புக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை, அவள் தோழிதான் விளையாட்டாகப் பெயர் கொடுத்தாளாம். ரூபினி போனை என்னிடம் நீட்டினாள். படித்ததும் எனக்கு எவனாவது ஒருவனை அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

"நான் அம்மா மாதிரி பேசிட்டேனாம் ண்ணே. அதான் வேணாமாம்" என்றாள் ரூபினி. சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். "சிங்கப்பூர்ல ஒரு எடத்துல வரச் சொல்லிருக்காங்க. திங்கக்கிழமை இன்டர்வியூ."

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்ததை நாங்கள் இருவரும் அப்போதுதான் பார்த்தோம். உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு. அம்மா எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"ரூபினி, சாப்பிட வா. சோறு ஆறிவிடும்."

அம்மா ஆறிவிடும் என்று சொன்னதை நான் கவனித்தேன். ரூபினி கவனிக்கவில்லை, வந்து உட்கார்ந்தாள். அம்மா அவள் தட்டில் சோறு போட்டாள். ஒவ்வொரு சொல்லாக, கல் பொறுக்குகிறவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா, மகளே?"

ரூபினி நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் மகளே என்று கூப்பிட்டதில்லை. முதலில் அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாள் போலிருக்கிறது, உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"என்னம்மா இது?"

"ஒன்றும் இல்லை. நீ இருக்கும்போது இனிமேல் நான் கவனமாகப் பேசுகிறேன்" என்றாள் அம்மா. உள்ளங்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "என் பேச்சு உனக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தானே உனக்குக் கிடைக்காமல் போயிற்று. எனக்கு முன்பே தெரியாமல் போய்விட்டது."

ரூபினி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஐயோ மா, என்னா லா பேசுற நீ? யாரு உன்ன சொன்னா? உன் பேச்சு நல்லால்லன்னு எவன் லா சொன்னான், சொல்லு, நான் போயி அவன் மூஞ்சியிலயே கேட்டுட்டு வரேன். எனக்கு வரல மா. எனக்குத்தான் வாயில வரல, நான்தான் தொலச்சிட்டு நிக்கிறேன், உனக்கு என்னா வந்துச்சி இப்ப? ஒழுங்கா என்ன திட்டு லா. சனியனே, சோத்த தின்னுட்டு போடின்னு சொல்லு. இப்படி சும்மா சும்மா சாவடிக்காத மா."

ஒரு சொல் பிசகவில்லை. லா எல்லாம் அது அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அம்மாவின் குரல் அல்ல, அவளுடையதேதான். அந்த மண்டபத்தில் டைரக்டர் அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தது இதற்குத்தான். அவளுக்குத் தான் எப்படிப் பேசினோம் என்றே தெரியாது, கண்ணீரும் சளியுமாக மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன?

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது திட்டு மா, ஒரு வார்த்தை திட்டிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அம்மா வாயைத் திறந்தாள். ஏதோ வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவள் கண் என் பக்கம் திரும்பியது. என் இரண்டு கைகளையும் பார்த்தாள். தட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால், எங்காவது போன் இருக்கிறதா என்று தேடினாள். நான் கைகளை விரித்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை.

விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நேராக நின்றுகொண்டு, "அழாதே, மகளே. உட்கார்ந்து சாப்பிடு" என்றாள் அம்மா.